ஊதிவிட்டு உள்ளே வாருங்கள்

சம்பளமில்லாத உத்தியோகங்களில் தலைசிறந்தது, குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குக் காரியதரிசியாக இருப்பது. மதுரையில் நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே அந்த உத்தியோகத்தையும் நான் பார்த்தேன். என்னைப்போலவே நாக்கிடம் தோற்றுப்போன அன்பர்களே, உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று என் மனைவி பேச்சியம்மாள் சொல்லும் முதல் வார்த்தை, "ஊதுங்க." ஒருநாள் ஊதினேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பேரையூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றுதான் கூட்டத்துக்குப் போனேன். தேச சேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் கூட்டம்

குடியை நிறுத்த நினைத்த ஐந்து பேர் மில் வாசலில் கூடிப் பேசினோம். பாய்லருக்குக் கரி போடும் கருப்பையா அண்ணன்தான் யோசனை சொன்னவர். தனியாக விட முடியாதவன் நாலு பேரோடு சேர்ந்து விடலாம் என்பது அவர் கட்சி. சரி, எங்கே கூடுவது? ஒருவர் செல்லூர், ஒருவர் ஆரப்பாளையம், ஒருவர் திருப்பரங்குன்றம். ஐந்து பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வழி தெரிந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். கள்ளுக்கடைக்கு எதிரே இருந்த புளியமரம். அதையே முடிவு செய்தோம். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஐந்து பேரும் டாணென்று வந்துவிட்டோம். ஆறு மணிக்கு மரத்தடியில் மூன்று பேர்தான் இருந்தோம். மற்ற இருவரும் எதிர்ப்பக்கம் இருந்து எங்களைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கருப்பையா அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கூட்டத்துல தப்பில்ல மாப்ள, எடந்தான் தப்பு. அடுத்த வாரம் அவுக ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டாவது வேற எடத்துக்குப் போவோம்."

இடம் தேடியது

எத்தனையோ வாசல் ஏறினோம். நாங்கள் குடியை விட்டவர்கள் என்றால், "எப்ப விட்டீக?" என்பார்கள். போன வெள்ளிக்கிழமை என்று உண்மையைச் சொல்வோம். கதவு சாத்திக்கொள்ளும்.

கடைசியில் வைகைக் கரையோரம் வண்டிப்பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பட்டறை சும்மாதானே கிடக்கிறது என்று சம்மதித்தார். அவர் சம்சாரம் ஒரு பானை சுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்தாள். ஆசாரி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "உளி, சுத்தியல் எதுவும் காணாமப் போகக் கூடாது. ஆளும் காணாமப் போகக் கூடாது."

மூக்கு

உள்ளே வருகிறவர் வாசலில் ஊதிக்காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவன் நான். பேச்சியம்மாளிடம் கற்றுக்கொண்டது. மோந்து பார்க்கப் பொதுவான ஆள் வேண்டுமே? வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத மில் ஸ்டோர் சுப்பையாவை உட்கார வைத்தோம். ஒரு மாதம் ஒருவர்கூடத் தவறவில்லை. எங்களுக்கு ஒரே பெருமை.

ஐந்தாவது வாரம், பரீட்சையில் தேறி உள்ளே வந்த ஓர் ஆள் வண்டிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். பட்டறை முழுக்கக் கள் நாற்றம். சுப்பையாவைப் பிடித்து உலுக்கினேன். அவர் மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பியை எடுத்து நிதானமாக ஒரு சிட்டிகை உறிஞ்சினார். "நாப்பது வருசமாப் பொடி போடுற மூக்கு தம்பி. மல்லியப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். நீங்க கேக்கவே இல்லையே."

சர்க்கார்

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் ஊதிக்காட்டுவது என்று மாற்றிக்கொண்டோம். சேலத்தில் சர்க்காரே கள்ளுக்கடைகளை மூடிவிட்டதாகப் பேப்பரில் வந்தபோது, மதுரைக்கும் அது வரட்டும், அதுவரை நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். கருப்பையா அண்ணன் அவரை உட்கார வைத்தார். "சர்க்கார் கடைய மூடுற அன்னைக்கு மூடட்டும். அதுவரைக்கும் நம்ம வாய நாமதேன் மூடணும்."

காவல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரையூர் மச்சான் வந்து, தங்கை இப்போதைக்கு வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதம் கட்டிக்காத்ததெல்லாம் வீண் என்று எனக்குப் பட்டது. நேரே கள்ளுக்கடைக்குப் போனேன். கலயத்தைக் கையில் வாங்கிவிட்டேன். நிமிர்ந்தால், எதிரே புளியமரத்தடியில் கருப்பையா அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்தில் என்னைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். போய்விடுங்கள் என்று கத்தினேன். அவர் அசையவில்லை. "நீ வார வரைக்கும் இங்கனதேன் இருப்பேன். ஆனா வெரசா வா மாப்ள, எனக்கும் நாக்கு ஊறுது."

பேரையூர் வண்டி

கலயத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போக. இந்தச் சமாச்சாரம் பேரையூருக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கருப்பையா அண்ணனைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பட்டறை வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. சக்கரம் மாட்ட வந்தது என்று ஆசாரி எழுந்து போனார். இறங்கியவள் பேச்சியம்மாள். ஐந்திலிருந்து பன்னிரண்டாகியிருந்த ஆம்பளைகள் நடுவே நேரே என்னிடம் வந்து, "ஊதுங்க" என்றாள். முதலில் மூச்சே வரவில்லை. பிறகு ஊதினேன். அவள் கண்ணை மூடி மோந்து பார்த்தாள். "சுக்கு வாசந்தேன் வருது. வண்டியில மக தூங்குறா, சாமானும் கெடக்கு. எறக்குங்க."

இந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் இல்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்த வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.