எட்டரை அங்குலம்

நான் வேலூரில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் மனைவிக்குத் தெரியாமல் செருப்பு வாங்கித்தர ஆசைப்பட்டு, அவள் குளித்துவிட்டு நடந்த ஈரத் தடங்களை அளந்தேன். ஒன்று ஒன்பது அங்குலம், மற்றது எட்டு. அளந்ததில்தான் பிசகு என்று நினைத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி எட்டரை என்று ஆம்பூரில் தைக்கச் சொன்னேன்.

செருப்பு ஒரு காலில் இறுக்கியது, மற்றதில் கழன்றது. அவள் புடவையை இழுத்துப் பாதங்களை மறைத்துக்கொண்டாள்.

“சின்ன வயசுல காய்ச்சல் வந்து ஒரு காலு சரியா வளரலீங்க. சொன்னா இன்னா நெனப்பீங்களோன்னு பயந்துட்டேன்.”

“என் கணக்குதான் தப்பு. வா, ரெண்டு காலுக்கும் தனித்தனியா அளவு குடுக்கலாம்.”

ஆம்பூரில் செருப்பு தைப்பவர் விரித்த காகிதத்தில் அவள் சிறிய பாதத்தைத்தான் முதலில் வைத்தாள். புடவையை இழுக்கவில்லை.

வகுப்பில் இன்னும் சராசரி நடத்துகிறேன். ஆனால் எனக்கு மனப்பாடம் ஒன்பதும் எட்டும்தான்.