அடையிலிருக்கும் கோழியைத் தூக்கக் கூடாது

எங்கள் வீட்டில் யாரும் கோழி வளர்த்ததில்லை. சைவ வீடு. முட்டை என்ற சொல்லைக்கூட என் அம்மா அடுப்படியில் சொல்ல விட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், இந்த வயதில், ஒரு அடைக்கோழிக்கு நான் காவல் இருக்கும்படி ஆனது என் தலையெழுத்து.

பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை ஒரு சின்னக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன், அவன் பெண்டாட்டி, ஒரு பெண் பிள்ளை. என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் மனுஷக் குரல் என்று கேட்டது அவர்கள் குரல்தான். அந்தப் பிள்ளை காலையில் பல்கூடத் தேய்க்காமல் என் நாற்காலி பக்கத்தில் வந்து நிற்கும். "தாத்தா, டிவி போடு." நான் எரிந்து விழுவேன். அது சிரிக்கும். டிவி போடுவேன்.

அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து நின்றாள். அவள் வளர்த்த கோழி அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, அடையில இருக்குத கோழியத் தூக்கக் கூடாது. முட்டை பூராம் கூமுட்டையாப் போயிரும். அது குஞ்சு பொரிச்சி, வளத்து, அதுகள வெரட்டி விட்டுட்டு மறுபடி முட்டை போட ஆரம்பிக்கும். அப்ப ஒரு போனு போடுங்க. நாங்க வந்து எல்லாத்தையும் கொண்டுட்டுப் போயிருதோம்."

"கோழி மேய்க்கதுக்கா நான் ரிட்டயர் ஆனேன்?" என்று கத்தினேன். ஆனால் உள்ளுக்குள் நிம்மதி. கோழி இங்கே இருந்தால், அவர்கள் இன்னொரு தடவையாவது வந்துதானே ஆகவேண்டும்?

முதல் வாரமே போன் போட்டுவிட்டேன். கோழி கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. இறகெல்லாம் உப்பியிருந்தது. கிட்டே போனால் உறுமியது. தொட்டால் சூடு. வைத்த நொய்யரிசி அப்படியே கிடந்தது.

"எம்மா, உன் கோழி சாவப்போவுது. காய்ச்ச அனலாக் கொதிக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த புருஷனும் என்னவென்று கேட்டான். "அடைன்னா அப்பிடித்தான் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ஒருக்க எந்திரிச்சி, தின்னு, தண்ணி குடிச்சிட்டு திரும்பப் போயி உக்காந்துக்கிடும். நீங்க பாத்திருக்க மாட்டிய." எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு முழுக்க நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

குஞ்சு பொரித்ததும் சொன்னேன். பிள்ளை போனைப் பிடுங்கி, "என்ன கலரு தாத்தா?" என்று கேட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாய்க்கோழி ஒரு புழுவைக் கண்டால் தான் தின்னாது. கொக்கொக்கென்று கூப்பிட்டு, அலகால் உடைத்துப் போடும். மழை தூறினால் அத்தனையும் இறக்கைக்குள் போய்விடும், ஒரு குஞ்சு மட்டும் கழுத்தை வெளியே நீட்டும். பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிய அன்று நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டினேன். அதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை.

பிறகு கோழி மாறியது. இறக்கைக்குள் வைத்துக் காத்த குஞ்சுகளையே கொத்தி விரட்டியது. சோறு போட்டால் கிட்டே வரவிடாது. ஒரு குஞ்சு ரொம்ப நாளைக்குப் புரியாமல் அதன் பின்னாலேயே ஓடி ஓடிக் கொத்து வாங்கியது. "ஏ மூதேவி, பெத்ததுதானே!" என்று கோழி மேல் செருப்பை எறிந்தேன். முட்டைக்குத் தயாராகி அதன் கொண்டை சிவந்தது. ஒரு நாள் காலை தெருவே கேட்கக் கொக்கரித்தது. பழைய கூடையில் முட்டை இருந்தது. போன் போட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாள்ல, லீவு கெடச்சதும் வாரோம்" என்றாள் அவள். "அது வரைக்கும் முட்டைய எடுத்து யாருக்காச்சும் குடுத்துருங்க. ஒண்ண மட்டும் விட்டு வைங்க. எல்லாத்தையும் விட்டுட்டா, திரும்ப அடைக்கு உக்காந்துரும்."

"எடுக்கேன், எடுக்கேன்" என்றேன். எடுக்கவில்லை. முட்டையைத் தொட எனக்குக் கை வராது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்து எடுத்திருப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அடையில் இருக்கும் கோழியைத் தூக்கக் கூடாதல்லவா? மறுபடி பொரித்து, மறுபடி வளர்த்து, மறுபடி அவர்கள் வரவேண்டும். இந்தக் கோழி உயிரோடு இருக்கும் வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் வந்தார்கள். பிள்ளைக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ப்பால் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்திருந்தேன். பிள்ளை வளர்ந்திருந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டு அம்மா சேலைக்குள் நின்றது. டிவி கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் போனோம். கூடைக்குள் கோழி உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது.

"அய்யய்யோ, எடுக்கச் சொன்னேம்லா அண்ணாச்சி!"

"எங்க வீட்டுல முட்டை தொடமாட்டோம்லா" என்றேன், பெரிய யோக்கியன் மாதிரி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது. அவன் பெரிய குஞ்சுகளைப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அடைத்தான். எதற்கென்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோழிய விட ஒங்களுக்கு மனசு வரல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாயத் தொறந்து கேட்டாத்தான் என்ன? ஒங்களுக்கே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. தொணையா இருக்கும். எங்களுக்கும் இதுக்காவ அங்கனருந்து பஸ்ஸேறி அலையுத வேலை இல்ல பாருங்க."

கோழி யாருக்கு வேண்டும் எம்மா, நீங்கள் வாருங்கள், சும்மாவே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. எரிந்து விழுந்தே பழகிய வாய்.

"சரி சரி, ஆட்டோக்காரன் காத்துக் கெடக்கான். ஏறுங்க" என்றேன்.