கெங்கம்மாளின் நிலாப் பாடு

எங்கள் ஏரிக்கரைக் குப்பத்துக் கெங்கம்மாள் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் மீன் விற்றாள். அவள் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதலில் ஜன்னலைத் திறப்பார், பிறகுதான் டிக்கெட் கிழிப்பார். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து, சந்தைப் புளியமரத்தின் நிழலில் ஒரு கூடை வைக்கும் அளவு இடம். மீனுக்கு நிழல்தான் ஆயுள். வெயிலில் வைத்த மடவை மீன் மத்தியானத்துக்குள் கண் வெளுத்துவிடும். அப்புறம் பூனைகூட பேரம் பேசும்.

அந்த நிழலைத்தான் அவள் பந்தயத்தில் வைத்தாள். அறுபத்தொன்பதாம் வருஷம், நிலாவில் மனுஷன் இறங்கினான் என்று ரேடியோ சொன்ன மாதம் அது. பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து கத்திரிக்காய் விற்கும் சம்பூர்ணம், டீக்கடையில் கேட்ட சேதியைத் தானும் கூடவே இறங்கி நடந்தவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தை முழுக்க வாய் பிளந்தது. கெங்கம்மாள் மட்டும் செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

"நடந்தா காலடி இருக்கும் இல்ல? நானே பாத்துட்டு வந்து சொல்றேன்டி. இருந்தா என் நெழலு ஒனக்கு. இல்லன்னா நீ நெலாவப் பத்தி வாயே தொறக்கக் கூடாது" என்றாள்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கும் வழி வந்தது. சந்தைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்து, தொலைநோக்கியில் நிலாவைக் காட்டுவதாகத் துணி கட்டியிருந்தார்கள். "பொதுமக்கள் அனைவரும் வருக" என்று அதில் எழுதியிருப்பதைக் கெங்கம்மாள் ஆள் வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டாள். சாயங்காலம் காலிக் கூடையோடு போனாள். வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு வழி மறித்தார். குளித்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கும் அவள் மீன்தான் விற்பாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு விஞ்ஞான வாத்தியார் மணவாளன் வெளியே வந்தார்.

"இன்னா சார், நாங்க வந்தா உங்க நெலா நாறிப் பூடுமா?" என்று அவள் கேட்டாள்.

வாத்தியார் நல்ல மனுஷர். துணியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், காது சிவந்தது. உள்ளே அழைத்தால் தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்திருக்க வேண்டும். தொலைநோக்கிக் குழாயையே குப்பத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னபடி அடுத்த வளர்பிறையில் வந்தும் இறங்கினார். கோரைப்பாயில் சுற்றி அவர் தூக்கி வந்ததைப் பார்த்துவிட்டு, செத்தது யார் என்று கண்டக்டர் விசாரித்தாராம்.

பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரை மணலில் முக்காலி நட்டு, அரை நிலாவுக்கு நேராகக் குழாயைத் திருப்பினார். அதற்குள் குப்பமே கூடிவிட்டது. குழாய் ஒன்று, கண்கள் எத்தனையோ. யார் முதலில் பார்ப்பது என்று தள்ளுமுள்ளு தொடங்கியபோது ஊர்த் தலைவர் அருணகிரி கையை உயர்த்தி, பாடு போட்டுவிடலாம் என்றார்.

எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் விழாது. அதனால் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று குலுக்கிப் போட்டு முறை பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். தன் பாட்டில் விழுந்தது அவனவன் அதிர்ஷ்டம். வலை வெறுமையாக வந்தாலும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் நீயெல்லாம் ஆம்பிளையா என்பார்கள். பெண்களுக்குப் பாடு கிடையாது.

"குலுக்கலு ஆம்பிளைங்களுக்குத்தான்மா" என்றார் அருணகிரி, கெங்கம்மாளைப் பார்க்காமல்.

"இது வலையா நைனா, எனக்கு இல்லன்றதுக்கு? கொழாய இட்டாந்ததே நான்தான்."

முறைத்தார்கள், முனகினார்கள். கடைசியில், ஆண்கள் முடித்தபின் பெண்கள் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

கிளிஞ்சல்களில் அடையாளம் கீறிப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். நிலா நகர்ந்துகொண்டே இருக்கும், தெரியாவிட்டால் உடனே என்னிடம் சொல்லுங்கள் என்று வாத்தியார் தெளிவாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் அவரை உட்காரவைத்து, இறால் வறுவலும் டீயும் கொடுத்து, நிலாவில் ஏரி உண்டா, இருந்தால் என்ன மீன் என்று கேள்விகளால் மூடிவிட்டார்கள்.

முதலில் பார்த்த அருணகிரி பாம்பை மிதித்தவர்போல் பின்னால் துள்ளினார். இரண்டாமவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அந்தத் துள்ளல் இல்லை. ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்கள், "ம்" என்றார்கள், மணலைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். என் அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். வெறும் வலையோடு கரையேறும் நாளில் அவர் முகம் எப்படியோ அப்படி இருந்தது.

ஆண்கள் முடிந்தார்கள். கெங்கம்மாளுக்குக் குழாய் எட்டவில்லை. கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிக் கண்ணை வைத்தாள்.

"இன்னாய்யா இது? ஒண்ணியும் காணோம்" என்றாள்.

"அது உன் பாடும்மா. எறங்கு" என்றார் அருணகிரி.

"எறங்க மாட்டேன். நெலா அதோ மேலதான் நிக்கிது. கொழாயில இல்லன்னா கொழாய்தான் பேஜாரு."

வாத்தியார் வாயில் இறாலோடு ஓடிவந்து பார்த்தார். குழாய்க்குள் சுத்தமான இருட்டு. நிலா எப்போதோ விலகிப் போயிருந்தது. திரும்பி, இதுவரை யார் யாருக்கு நிலா தெரிந்தது என்று கேட்டார். குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் தத்தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

"தெரியலன்னா சொல்லச் சொன்னேனே!" என்றார் வாத்தியார். அழுதுவிடுவார்போல் இருந்தது.

"எப்பிடி சார் சொல்றது?" என்றார் என் அப்பா. "எங்க பாடு அவ்ளோதான்னு இருந்துட்டோம்."

வாத்தியார் குழாயைத் திருப்பி வைத்தார். இந்த முறை பக்கத்தை விட்டு நகரவில்லை. கெங்கம்மாள் மறுபடி கண்ணை வைத்தாள். பிறகு, வத்தின ஏரியில் நண்டு வளை மாதிரி பள்ளம் பள்ளமாக இருப்பதாகச் சொன்னாள். எல்லாப் பள்ளத்தின் ஓரத்திலும் தேடினாள். காலடி இல்லை.

அதை அவள் வெற்றியோடு சொன்னபோது வாத்தியார், ஏரியின் அக்கரையில் மினுக்கிய ஒரு லாந்தரைக் காட்டினார். அதைப் பிடித்திருப்பவனுக்கு விரல் எத்தனை என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். கெங்கம்மாள் லாந்தரைப் பார்த்தாள். வெளிச்சம்தான் தெரிந்தது, விரல் தெரியவில்லை. கூடையை அடுத்தவளுக்கு விட்டுவிட்டு இறங்கினாள். அன்று ஆண்கள் எல்லோரும் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று இரண்டாம் முறை பார்த்தார்கள்.

மறுநாள் சந்தையில், காலடி தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். பந்தயப்படி சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டாள். நிலாவைப் பற்றி மட்டுமல்ல, மொத்தமாகவே. சில நாளிலேயே கெங்கம்மாளால் தாங்க முடியவில்லை. நிழல் இருந்தது, ஆனால் பேச்சுத் துணை இல்லாத நிழல்.

"இந்தாடி" என்று ஒரு காலையில் ஆரம்பித்தாள். "எங்க ஊரு ஆம்பிளைங்க கொழாயில ஒண்ணியும் தெரியலன்னு கம்முனு குந்திக்கினு இருந்தாங்க. ஆனா நெலா இருந்துச்சி. எனக்குக் காலடி தெரியலதான். அதுக்காவ இல்லன்னு நான் எப்பிடி சொல்றது?"

சம்பூர்ணம் கத்திரிக்காயை அடுக்குவதை நிறுத்தினாள். அப்படியானால் நிழல் யாருக்கு என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

கெங்கம்மாள் கூடையை ஓரமாக நகர்த்தினாள். "பாடு போட்டுக்கலாம். ஒரு நாளு நீ, ஒரு நாளு நான். ஆனா ஒண்ணு, ஒம் பாட்டுல குறை இருந்தா வாயத் தொறந்து சொல்லிடணும்."

சம்பூர்ணத்தின் முதல் பாட்டு நாளில் வானம் முழுக்க மேகம். சந்தை மொத்தமும் நிழல். அவள் அதைப் பற்றிச் சாயங்காலம் வரை வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.