ஆறாம் நம்பர் கால்

எங்கள் வீட்டில் ராஜா கதை கிடையாது, கால் கதைதான் உண்டு. அப்பாவின் தாத்தா துரைமார்களுக்கு பூட்ஸ் தைத்தவர். துரை முகம் அவருக்குத் தெரியாதாம், நிமிர்ந்து பார்த்தால்தானே? காலைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவாராம். தாத்தா மயிலாப்பூர் தேர்க் கூட்டத்தில் குனிந்தபடியே பழைய வாடிக்கைக்காரர்களைப் பிடித்துவிடுவாராம். அப்பா அங்கேயே கோயில் குளத்துக்குப் பக்கத்து நடைபாதையில் செருப்பு தைத்தார். நான் தி. நகர் கடையொன்றில் ஏசிக்குள் கால் அளக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் செருப்பு நம்பர் சொல்லுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஆற்றோரக் குடிசையிலிருந்து அரசாங்கம் எங்களைக் கிளப்பி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்ட பிறகும், அப்பா இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கே போய்வந்தார். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் திரும்பவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். ரோட்டில் விழுந்து இறந்த ஒருவர் பிணவறையில் இருக்கிறார், வந்து பாருங்கள் என்றார்கள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. காலை மட்டும் காட்டினால் போதும் என்றேன். ஊழியர் கால்மாட்டில் துணியைத் தூக்கினார். சின்னக் கால். ஆறாம் நம்பர், சந்தேகமே இல்லை. அப்பாவின் செருப்பு எட்டு. தினமும் வாசலில் பார்ப்பதுதானே.

“இது எங்கப்பா இல்ல சார்.”

வெளியே வந்து டீ குடித்தேன். சந்தோஷமாகத்தான் குடித்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு நாள் போட்டோவும் கையுமாக அடையாறு, திருவல்லிக்கேணி என்று நாயாய் அலைந்தேன். சட்டை அடையாளம் ஒத்துப்போகிறது, இன்னொரு தடவை வாருங்கள் என்று போலீஸ்காரர் திரும்பக் கூப்பிட்டார். இந்தத் தடவை அம்மாவும் வந்தாள். முகத்துணியை அவளே விலக்கினாள். அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அப்பாவுக்கு எட்டாம் நம்பர்தானே என்று நான் முனகினேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அவருக்கு ஆறுதான். யாரோ தைக்கக் குடுத்துட்டு வாங்காம பூட்டாங்களே, அந்த எட்டாம் நம்பர் செருப்பத்தான் ஆயுசுக்கும் இழுத்துக்கினு திரிஞ்சாரு. இத்தினி வருசமா நீ இன்னாத்தப் பாத்துக்கினு இருந்த?”

ஊரார் காலையெல்லாம் மடியில் வைத்துப் பார்த்தேன். அவர் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை. பரம்பரைத் திமிரில், பெற்ற அப்பாவை இரண்டு நாள் அநாதைப் பிணமாகக் கிடக்க விட்டவள் நான்தான்.