அப்பாவின் காதிலிருந்து நான் எடுத்தது

நீல நூலில் கோத்த இரண்டு ஆரஞ்சு நிறக் காதடைப்பான்கள் எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியில் தொங்குகின்றன. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் கொடுப்பவைதான். தகடு வெட்டும் மிஷின்கள் ஒன்றாக இறங்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேச வேண்டுமென்றால் தன் காதை இரண்டு முறை தட்டிக் காட்ட வேண்டும். எதிரில் இருப்பவன் ஒரு பக்க அடைப்பானைக் கழற்றிக் காதைக் கொடுப்பான்.

என் பக்கத்து மிஷின் தோழன் ஒரு ஷிப்டில் நாற்பது தடவையாவது காதைத் தட்டுவான். இன்று அவன் பெரிய ராப் பாடகன். பஸ் ஸ்டாண்டு சுவரில் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கிறான். அன்று கடம்பத்தூரிலிருந்து ரயில் மாறி வந்து, தூக்கக் கண்ணோடு மிஷின் அடிக்கும் தாளத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்தவன். "மச்சி, ஒரு காது குடு. இது எப்டிக்கீது சொல்லு" என்பான். நன்றாக இல்லை என்றால் மத்தியானம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனுடைய முதல் ரசிகன் நான்தான் என்று எனக்கு எவ்வளவு கர்வம்! இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகம் வேண்டும் என்கிறவன் ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவான். ஒருநாள் இவனும் செருகினான். ஓடிப்போய்க் காதைத் தட்டி, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். என் அப்பாவும் இதே தொழிற்பேட்டையில் பிரஸ் ஓட்டியவர். மிஷின் தானாக இறங்கி அவர் வலக்கையில் மூன்று விரல் போனது என்றுதான் ஊர் நம்பியது. அம்மா அந்த மிஷினைத் திட்டாத நாளில்லை. உண்மையில் கட்டை வைத்தது அப்பாதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தனியாக அழைத்து, "கட்ட மட்டும் வெச்சிடாதடா. நான் வெச்சுத்தான் போச்சு. ஒங்கம்மாவுக்குத் தெரிய வாணாம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

தோழன் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். "எங்க ஆத்தா மேல சத்தியம், யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று அவன் கண் கலங்கியது பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஒரு கல்யாண மேடையில் அவன் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, அது எங்கெங்கோ போனது. வேலையை விட்டான். சினிமாவில் ஒரு பாட்டு கிடைத்தது. சோழவரம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் கச்சேரி என்றதும் அவனே போன் செய்தான். "நைனாவயும் இட்டுனு வா மச்சி. புதுப் பாட்டு ஒண்ணு கீது, அவர் கேக்கணும்."

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். வலக்கை வழக்கம்போல பேண்ட் பைக்குள். முன்வரிசையில் ஸ்பீக்கர் நெஞ்சில் உதைத்தது. என் காதடைப்பான்களை அவர் காதில் செருகினேன். நான்கு பாட்டு போனது. திடீரென்று தோழன் மேடை விளிம்புக்கு வந்து, எங்களைப் பார்த்துத் தன் காதை இரண்டு முறை தட்டினான். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நானே அப்பாவின் காதிலிருந்து அடைப்பானை எடுத்தேன்.

"ரெண்டு பட்டன், ஒரு கட்டை, எங்க நைனா கில்லாடி
மூணு வெரலக் குடுத்துட்டு வந்தாரு ஊட்டுக்குத் தள்ளாடி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் கையை உயர்த்தி மூன்று விரலை மடக்கிக் காட்டினான். மைதானம் முழுவதும் அதேபோல் மடக்கிய கைகள் எழுந்தன. அவனுடைய நைனா பத்து விரலோடு கடம்பத்தூரில் காய்கறி விற்கிறார். அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அடைப்பானை வாங்கி, இரண்டு விரலால் தானே காதில் செருகிக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் காதை இரண்டு முறை தட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். மறுநாள் தோழனுக்கு போன் செய்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒரு பாட்டுக்கு ஏன் மச்சி இவ்ளோ பேஜாரு? ஒங்க பேர நான் சொல்லவே இல்லியே" என்றான். அவன் குரலில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. அவன் துரோகி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவின் கணக்கில் அந்தத் துரோகி நான்தான். அவர் சொன்னது என்னிடம் மட்டும்.

இப்போது அந்தப் பாட்டு டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், எங்கள் தெருப் பிள்ளைகள் வாயில். அம்மாவும் கேட்டுவிட்டாள். மிஷினைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அப்பா என்னிடம் பேசாமல் இல்லை. சோறு போட்டுக்கொள் என்கிறார், கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்கிறார். தெருவில் பாட்டு தொடங்கினால் ஜன்னலண்டை போய், கொக்கியிலிருந்து அடைப்பான்களை எடுத்து மாட்டிக்கொள்கிறார். பாட்டு முடிந்து வெகுநேரம் ஆனபிறகும் அவர் அவற்றைக் கழற்றுவதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். காதைத் தட்ட என் கை எழுவதில்லை.