சேரின் பெருவிரலும் என் விசிலும்

சபையாரே, ஜெபத்தில் ஒரு மனுஷனைச் சபித்தவன் நான். இந்தச் சாட்சியை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கேயிருந்து தொடங்காவிட்டால், ஆண்டவர் எனக்குச் செய்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் அருள். கம்பளை தனியார் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருக்கிறேன். கண்டிக்குப் போகும் பஸ்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட வேண்டும். நேரம் வந்ததும் விசில் ஊதி, பஸ் புறப்பட்ட நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. மனைவி ஸ்டெல்லா. ஒரே மகள் ஜெனிட்டா, பதினைந்து வயது. நூறு மீற்றர் ஓடுவாள். கடைக்குப் போய் வரச் சொன்னால் மட்டும் கால் வலிக்கும்.

இந்த வருஷம் பெப்ரவரியில்தான் தொல்லை ஆரம்பித்தது. வலய மட்டப் போட்டிக்கு அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து நூறு மீற்றருக்கு இரண்டு பேரை அனுப்பலாம். பயிற்சியில் ஐந்து பிள்ளைகள். அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. அதனால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதற்காக விடிய எழும்பிப் படிப்பு, பின்னேரம் ஓட்டம் என்று அந்தப் பிள்ளை உயிரைக் கொடுத்தாள்.

பயிற்சியாளர் சேரைப் பற்றி என்ன சொல்ல? கறுப்புக் கண்ணாடி, வாயில் எந்நேரமும் சுவிங்கம். ஐந்து பேரில் ஒரு பிள்ளை மட்டும் அவருக்கு "மகள்". மற்ற நால்வரும் "ஏய்". அந்தப் பிள்ளையின் அப்பாதான் எல்லோருக்கும் பள்ளிக்கூடப் பெயர் போட்டு ரீசேட் அடித்துக் கொடுத்தவர். தினமும் பின்னேரம் சேரைத் தன் காரில் ஏற்றிப் பேராதனையில் இறக்கிவிடுவதும் அவர்தான். அந்தப் பிள்ளை பிந்தி வந்தால் வீதியில் நெரிசல். ஜெனிட்டா பிந்தினால் மைதானத்தை இரண்டு சுற்று. அந்தப் பிள்ளை நிழலில் தண்ணீர் குடிக்கும்போது மற்றவர்கள் சாமான் பொறுக்குவார்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பாவம், சொன்னதைச் செய்தது. ஆனால் சேர் என்ற இந்தப் பெரிய மனுஷர் இளிப்பதைப் பார்த்தால் எனக்கு அருவருக்கும்.

பிள்ளைகளைச் சேர்த்து ஓடவிட மாட்டார். மைதானம் ஈரம், ஒரு பக்கம்தான் காய்ந்திருக்கிறது என்று ஒவ்வொருவராக ஓடவிடுவார். ஒரே ஒரு ஸ்டொப் வோட்ச். அதுவும் அவருடைய கைக்குள். ஓடி முடிந்ததும் ஓர் எண்ணைச் சொல்லுவார். யாருக்கும் காட்ட மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நானே போய் எல்லைக் கோட்டுப் பக்கமாக நின்றேன். அந்தப் பிள்ளை ஓடி வந்தது. கோட்டுக்கு இன்னும் இரண்டு எட்டு இருந்தது. சேரின் பெருவிரல் அமுங்கிவிட்டது! அடுத்தது ஜெனிட்டா. அவள் கோட்டைத் தாண்டினாள். சேர் சாவகாசமாக ஒருதரம் மென்றுவிட்டு அமுக்கினார். பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு ஒரே பார்வையில் விளங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு நொடியைத் திருடுகிறானே, இவனும் ஒரு மனுஷனா என்று எனக்கு அருவருத்தது.

கேட்கத்தான் போனேன். ஜெனிட்டா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்பா. கேட்டா சேர் என்னைய இன்னும் ஒதுக்கிருவாரு."

மறுவாரம் தன் ஓட்டச் சப்பாத்தை ஒரு பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். "யாருக்காவது குடுத்துருங்கம்மா. நான் இனி ஓடல." அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை, அன்று பொம்மையைப் போல இருந்தாள்.

நான் புதன்கிழமைகளில் உபவாசம் இருக்கத் தொடங்கினேன். மூன்று வாரம் இருந்தேன். என்ன ஜெபித்தேன்? "ஆண்டவரே, அந்த ஆளின் வேலை போகட்டும். நாலு பேருக்கு முன்னால் அவன் தலை குனியட்டும்." மூன்றாவது வாரம், என்னோடு முழங்காலில் இருந்த ஸ்டெல்லா ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேங்க. புள்ளைக்கு வேண்டிக்கங்க, சொல்றேன்."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. தனியாகவே ஆமென் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு இருபதுக்குப் போக வேண்டியது டேவிட் அண்ணனின் பஸ். நம் சபையார் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடும்பத்தைத் தன் பஸ்ஸில் ஆராதனைக்குக் கூட்டி வருபவர். ஜெனிட்டாவுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தவர். அவருடைய பஸ் எட்டு இருபத்து மூன்றுக்குப் போனது. நான் தாளில் எட்டு இருபது என்று எழுதினேன். வழக்கம்தான். அந்த மூன்று நிமிடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோர் வேலைக்குப் போகிறவர்களும் வந்து ஏறிவிடுவார்கள். அடுத்த பஸ்ஸுக்குப் பாதி ஆசனம் காலி.

அந்த அடுத்த பஸ் ரபீக் நானாவுடையது. மடவளைக்காரர், அறுபதை நெருங்கியவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் இறங்கி என் டைம்கீப்பர் கூண்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, என்ட பஸ்ஸுக்கு மட்டும் ஒங்கட விசில் சரியான நேரத்துக்கு ஊதுது. ஒரு வருஷமா பாத்துட்டுத்தான் ஈக்கிறேன்."

"அப்ப ஏன் நானா கேக்கல?"

"கேட்டா நீங்க என்னை இன்னும் ஒதுக்குவீங்க."

அவர் போய்விட்டார். நான் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். என் மகள் சொன்ன அதே பேச்சு. சேரின் பெருவிரல் எனக்கு ஏன் ஒரே பார்வையில் விளங்கியது தெரியுமா? அது என் கை செய்கிற வேலை. கள்ளனுக்குத்தானே கள்ளனைத் தெரியும். நான் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை, அதனால் நான் சுத்தம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சேரும் காசு வாங்கவில்லை. காரில்தான் ஏறினார். நானும் பஸ்ஸில்தான் ஏறினேன். உபவாசம் இருந்த வாயால் ஒரு மனுஷனைச் சபித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே களவை எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். சீ! எனக்கு என்னையே அருவருத்தது.

கூண்டுக்குள் நின்றபடியே ஜெபித்தேன். நீளமாக ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, முதலில் என்னைத் திருத்தும். பிறகு பேச எனக்கு வாயைத் தாரும்." அவ்வளவுதான்.

மறுநாள் எட்டு இருபதுக்கு விசில் ஊதினேன். டேவிட் அண்ணன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"என்னா அருளு, வெளையாடுறியா? இன்னும் ரெண்டு நிமிசம் நிக்கட்டும்."

"இல்லண்ணே. நேரம் சரி. எடுங்க."

"நம்ம ஆளுகளுக்கே நீ இப்படிச் செய்வியா?"

அந்த ஞாயிறு பஸ் எங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை. நாங்கள் மூவரும் நடந்தோம். எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் மனதிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இறுதித் தெரிவு. ஜெனிட்டாவின் சப்பாத்தை ஸ்டெல்லா யாருக்கும் கொடுக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வா" என்று கெஞ்சிக் கூட்டிப் போனோம். நாலைந்து தாய் தகப்பன்மார் நின்றார்கள். உப அதிபர் மிஸ்ஸும் வந்திருந்தார். நான் சேரிடம் போய், எல்லோரையும் ஒன்றாக ஓடவிடும்படி கேட்டேன்.

"எனக்குப் பாடம் எடுக்க வந்திருக்கீங்களா?" என்றார், மென்றுகொண்டே.

ஆண்டவர் வாய் தந்தது அப்போதுதான். நான் நினைத்து வைத்திருந்த கெட்ட பேச்சு ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"சேர், நான் டைம்கீப்பர். வேண்டியவனுக்கு நேரத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கிறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நானும் அதைச் செஞ்சவன்தான். போன வாரம் விட்டுட்டேன். நீங்களும் விட்டுருங்க."

மெல்லுவது நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தாய் மெதுவாக, "ஆமாங்க சேர், ஒண்ணா ஓடட்டுமே" என்றார். உப அதிபர் மிஸ் தானே எல்லைக் கோட்டில் போய் நின்றார். மைதானம் அன்று நன்றாகவே காய்ந்திருந்தது.

ஐந்து பேரும் ஓடினார்கள். முதலாவது வந்தது ஜெனிட்டா இல்லை. பவித்ரா என்று ஒரு பிள்ளை. புசல்லாவையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிறவள். இத்தனை நாளும் அவளை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. நானும்தான் எடுக்கவில்லை. என் பிள்ளைக்கு அநியாயம் என்று கொதித்தவனுக்கு, பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு நடந்த பெரிய அநியாயம் தெரியவில்லை. ஜெனிட்டா இரண்டாவது. சேரின் "மகள்" மூன்றாவது. அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதபோது சேர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பவித்ராவின் தோளில் கை போட்டு, "நான் அப்பவே சொன்னேன், இவதான் வருவான்னு" என்கிறார்! அவருக்காக இப்போது ஜெபிக்கிறேன். ஆனால் அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. சாட்சியில் பொய் சொல்லக் கூடாது. அழுத பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் என் மகள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெனிட்டா கேட்டாள்.

"அப்பா, சேர்கிட்ட சொன்னது உண்மையா? நீங்களும் செஞ்சீங்களா?"

சேரிடம் சொன்னதைவிட இவளுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆமாம்மா" என்றேன். அவள் விடவில்லை.

"யாருக்குச் செஞ்சீங்களோ, அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மறுநாள் காலை ரபீக் நானாவின் பஸ்ஸில் ஏறி, பயணிகளுக்கு முன்னாலேயே கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். பிறகு, "சரி தம்பி, எட்டரை ஆகுது. போய் ஊதுங்க" என்றார்.

வலய மட்டத்தில் பவித்ரா வென்று மாகாணத்துக்குப் போனாள். ஜெனிட்டா ஐந்தாவது. அன்று பின்னேரம் சாப்பிட உட்கார்ந்தபோது மேசை முழுக்க ஆடியது. ஸ்டெல்லா, "காலை ஆட்டாத" என்று ஏசினாள். நான் அடுப்படிக்குப் போய் ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழுதேன்.

சபையாரே, உங்களுக்கும் யார் மேலாவது அருவருப்பு இருந்தால் அதை மறைக்காமல் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். அவர் கேட்பார். அவர் உங்களையே முதலில் திருத்தத் தொடங்கினால் மட்டும் எழும்பி ஓடிவிடாதீர்கள்.

டேவிட் அண்ணே, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமாகக் கடைசி வரிசையில் தனியாக உட்காருகிறீர்கள். எங்கள் பக்கத்தில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம், வாங்க. பஸ் மட்டும் எட்டு இருபதுக்குத்தான் போகும்.