போர்வெல்காரர் வாங்கிய டிரில்

திருச்செங்கோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு, விலை குறைந்த பேட்டரி டிரில் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் தடித்த கைகளோடு ஒருவர், ஒவ்வொரு டிரில்லையும் ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டு வேலைக்குங்களா?" என்றேன்.

"பாத்ரூம் செவுத்துல கைப்பிடி மாட்டோணுங்க. சம்சாரம் ரெண்டு தடவ வழுக்கி உழுந்துட்டா."

இருபது வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவராம்.

"ஆயிரம் அடி போட்டவருக்கு ரெண்டு அங்குலம் எம்மாத்திரங்க?"

அவர் சிரிக்கவில்லை. "தண்ணி வரலீன்னா வேற எடத்துல போட்டுக்கலாங்க. இது புடுங்கிட்டு வந்தா அவதானுங்க உழுவா."

சுத்தியல்போல அடித்துத் துளைக்கும் டிரில்லை எடுத்தார். நானும் அதே ரகத்தில் ஒன்றை எடுத்தேன். பழகிப் பார்க்க ஒரு செங்கல்லும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கைப்பிடி உறுதியாக நின்றதா என்று விசாரிக்க, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.